தீங்குக்கும் ஒரு கணக்கு வேண்டும்

2017 மே மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. டிராவே நோய்க்குறி என்ற கடுமையான வலிப்பு நோய் உள்ள குழந்தைகளும் இளைஞர்களுமாக 120 பேர் அதில் பங்கேற்றார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியால் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு, பார்வைக்கு அதேபோல இருக்கும், மருந்தில்லாத திரவம். யாருக்கு எது போகிறது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பதினான்கு வாரச் சிகிச்சை முடிந்து கணக்குப் பார்த்தார்கள். மருந்து குடித்தவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு ஏதோ ஓர் உடல் தொந்தரவு வந்திருந்தது.

இந்த ஓர் எண்ணை மட்டும் கேட்டால் எந்தத் தாயும் அந்த மருந்தைக் கையால் தொடமாட்டாள். ஆனால் அடுத்த எண்ணையும் கேட்க வேண்டும். மருந்தே இல்லாத திரவத்தைக் குடித்தவர்களிலும் நூற்றுக்கு 75 பேருக்குத் தொந்தரவு வந்திருந்தது.

காரணம் புரியாத ஒன்றல்ல. டிராவே நோயுள்ள குழந்தைக்குக் காய்ச்சலும் சளியும் அடிக்கடி வரும். அது ஏற்கெனவே இரண்டு மூன்று வலிப்பு மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். வலிப்பு வந்து போன பிறகு மணிக்கணக்கில் அசந்து தூங்கும். இவற்றில் எது நோயின் வேலை, எது பழைய மருந்தின் வேலை, எது புது மருந்தின் வேலை என்று ஒரு குழந்தையை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு குழுக்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்தபோது வயிற்றுப்போக்கு, வாந்தி, சோர்வு, காய்ச்சல், தூக்கக் கலக்கம், கல்லீரல் பரிசோதனையில் மாற்றம் ஆகியவை கன்னாபிடியால் குழுவில் கூடுதலாக இருந்தன. பக்கவிளைவு தாங்காமல் அந்தக் குழுவில் 8 பேர் விலகினார்கள், மருந்தில்லாத திரவம் குடித்த எதிர்க்குழுவில் ஒருவர்.

நன்மையையும் அதே தராசில் வைத்தார்கள். மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை கன்னாபிடியால் குழுவில் 5.9 ஆகக் குறைந்தது. எதிர்க்குழுவில் 14.9 என்பது 14.1 ஆனது, அவ்வளவுதான்.

மருந்தின் பலனை நிரூபிப்பது பாதி வேலை. அதன் தீங்கை எண்ணி, அந்தத் தீங்கு யாருக்கு, எப்போது, எந்த அளவில் வருகிறது என்று கண்டறிந்து, வரும் முன் பிடிப்பது மறுபாதி. ஒரு செடிச்சாறு மருந்தாவதே அந்த மறுபாதி நடந்த பிறகுதான்.

கல்கத்தாவிலிருந்து கொலராடோ வரை

கஞ்சாவுக்கும் வலிப்புக்கும் உள்ள தொடர்பை நவீன மருத்துவ ஏட்டில் முதலில் பதிவு செய்தவர்களில் ஒருவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அயர்லாந்துக்காரர் வில்லியம் புரூக் ஓஷாக்னசி. 1839-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், பிறந்து நாற்பது நாளே ஆன ஒரு குழந்தைக்கு விடாமல் வந்த வலிப்பைக் கஞ்சாச் சாறு கலந்த சாராய வடிநீரால் அடக்கிய விவரம் இருக்கிறது. அவர் பொறுப்பானவர். மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சொட்டுக் கணக்கில் தொடங்கி, குழந்தையின் நிலையைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டினார். ஆனால் அந்தச் சொட்டுக்குள் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

அது தெரிய இன்னும் நூறாண்டு ஆனது. கன்னாபிடியாலை 1940-இல் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்ஸ் பிரித்தெடுத்தார். 1963-இல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலம் அதன் மூலக்கூறு அமைப்பைத் தெளிவுபடுத்தினார். கஞ்சாவின் போதைக்குக் காரணம் டிஎச்சி என்ற வேறொரு பொருள், கன்னாபிடியால் போதை தருவதில்லை என்பது அதன் பிறகு உறுதியானது. 1980-இல் பிரேசிலில் 15 நோயாளிகளிடம் நடந்த சிறிய ஆய்வில், கன்னாபிடியால் பெற்ற எட்டுப் பேரில் நான்கு பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றுபோனது. நம்பிக்கை தந்த அந்த முடிவை யாரும் பெரிய அளவில் தொடரவில்லை.

2013-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது. கொலராடோவில் டிராவே நோயால் வாரத்துக்கு நூற்றுக்கணக்கான வலிப்புகளைச் சந்தித்த ஒரு சிறுமி, கன்னாபிடியால் மிகுந்த எண்ணெயால் தேறிய கதை அது. எந்த மருந்துக்கும் கட்டுப்படாத பிள்ளையை வைத்திருந்த குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தன. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையிலிருந்த எல்லா வழியும் அடைபட்டவர்கள் அவர்கள். ஆனால் ஒரு குழந்தை தேறியதை ஊரே பார்த்துவிடுகிறது. தேறாத குழந்தையையும், கெடுதலடைந்த குழந்தையையும் யாரும் படம் எடுப்பதில்லை. அவர்களையும் எண்ணுவதற்கு ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது.

அந்த ஏற்பாடு 2014-இல் தொடங்கியது. ஜிடபிள்யூ ஃபார்மசூட்டிகல்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தயாரித்த, ஏறக்குறையத் தூய கன்னாபிடியாலை அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில் கருணை அடிப்படையில் கொடுத்தார்கள். நியூயார்க்கின் நரம்பியல் மருத்துவர் ஓரின் டெவின்ஸ்கி தலைமையிலான குழு 162 நோயாளிகளின் பாதுகாப்பு விவரங்களை வெளியிட்டது. நூற்றுக்கு 79 பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு. 25 பேருக்குத் தூக்கக் கலக்கம், 19 பேருக்குப் பசியின்மை, 19 பேருக்கு வயிற்றுப்போக்கு. 162 பேரில் ஒன்பது பேருக்கு வலிப்பு நிற்காமல் நீடிக்கும் ஆபத்தான நிலை வந்தது. அது மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா? ஒப்பிட எதிர்க்குழு இல்லாததால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது, முதலில் பார்த்த 2017 ஆய்வு. அதையும், லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இன்னொரு கடும் வலிப்பு நோய்க்கு நடந்த ஆய்வுகளையும் வைத்து 2018 ஜூன் 25 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 'எபிடயோலெக்ஸ்' என்ற பெயரில் இதற்கு ஒப்புதல் தந்தது.

தூங்கும் குழந்தை சொன்ன செய்தி

கருணை அடிப்படையில் மருந்து கொடுத்த காலத்திலேயே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. குளோபசம் என்ற வலிப்பு மருந்தை ஏற்கெனவே சாப்பிட்டுவந்த பிள்ளைகள் கன்னாபிடியால் சேர்ந்ததும் அளவுக்கு மீறித் தூங்கினார்கள். பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 13 பிள்ளைகளின் இரத்தத்தைத் தொடர்ந்து சோதித்து, 2015-இல் காரணத்தை வெளியிட்டார்கள்.

குளோபசம் கல்லீரலுக்குள் போனதும் நார்குளோபசம் என்ற பொருளாக மாறுகிறது. இதுவும் வலிப்பை அடக்கும், தூக்கத்தையும் தரும். இதைச் சிதைத்து வெளியேற்றுவது சிஒய்பி2சி19 என்ற நொதி. கன்னாபிடியால் போய் அந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது. வடிகால் மடையை அடைத்தால் வயலில் தண்ணீர் ஏறுவதுபோல, குளோபசம் மாத்திரையின் அளவு மாறாமலே இரத்தத்தில் நார்குளோபசம் ஏறிவிடுகிறது. சுமார் மூன்று மடங்கு ஏறும் என்கிறது அமெரிக்காவில் மருந்துடன் வரும் விவரக்குறிப்பு. ஒப்பீட்டு ஆய்வுகளில் கன்னாபிடியாலுடன் குளோபசமும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 46 பேருக்குத் தூக்கக் கலக்கம் வந்தது; குளோபசம் சாப்பிடாதவர்களில் 16 பேருக்கு மட்டுமே.

இது தெரியாத வீட்டில் என்ன நடக்கும்? பிள்ளை எந்நேரமும் தூங்கிவழிகிறது, சாப்பாட்டு நேரத்தில்கூட எழுப்ப முடியவில்லை என்று புது மருந்தை நிறுத்திவிடுவார்கள். பலன் தந்திருக்கக்கூடிய மருந்து கைவிட்டுப் போகும். தெரிந்த மருத்துவர் குளோபசத்தின் அளவைக் குறைத்துப் பார்ப்பார். பல பிள்ளைகள் அதிலேயே தெளிந்துவிடுகிறார்கள்.

இதே கண்டுபிடிப்பு இன்னொரு கேள்வியையும் எழுப்பியது. வலிப்பு குறைந்ததே ஏறிப்போன நார்குளோபசத்தால்தானோ? டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ நோய்களுக்குக் கன்னாபிடியாலைக் குளோபசத்துடன் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் 2019 செப்டம்பரில் ஐரோப்பா அனுமதித்தது. அமெரிக்கா அந்த நிபந்தனையை விதிக்கவில்லை. ஒரே ஆய்வுகளைப் படித்த இரண்டு அமைப்புகள் வெவ்வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன.

கல்லீரலின் முன்னறிவிப்பு

தூக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம். கல்லீரலில் நடப்பதைப் பார்க்க முடியாது. பிள்ளை ஓடியாடி விளையாடும்போதே கல்லீரல் அணுக்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம். அந்த அணுக்களுக்குள் இருக்க வேண்டிய ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற நொதிகள் இரத்தத்தில் கசிவதுதான் முதல் தடயம்.

அமெரிக்க ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வுகளில், ஏஎல்டி இயல்பின் உச்சவரம்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் ஏறியவர்கள் கன்னாபிடியால் குழுவில் நூற்றுக்கு 13 பேர், எதிர்க்குழுவில் ஒருவர். இந்த 13 எல்லாரிடமும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. வால்புரோயேட், குளோபசம் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 30 பேர். குளோபசம் இல்லாமல் வால்புரோயேட் சாப்பிட்டவர்களில் 21 பேர். வால்புரோயேட் இல்லாமல் குளோபசம் சாப்பிட்டவர்களில் 4 பேர். இரண்டுமே சாப்பிடாதவர்களில் 3 பேர். அளவும் முக்கியமாக இருந்தது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பெற்றவர்களில் 17 பேர். 10 மில்லிகிராம் பெற்றவர்களில் ஒருவர்.

வால்புரோயேட் உலகம் முழுவதும், நம் ஊரிலும், பல்லாண்டாகப் புழங்கும் வலிப்பு மருந்து. கன்னாபிடியால் சேர்வதால் இரத்தத்தில் அதன் அளவு குறிப்பிடத்தக்க அளவு ஏறுவதில்லை. ஆகவே வால்புரோயேட் அளவைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். இரண்டு மருந்துகளும் கல்லீரலுக்குள் சேர்ந்து செய்வதைக் கல்லீரலைச் சோதித்தால் மட்டுமே பிடிக்கலாம்.

அதற்கான நாள்குறிப்பு எளிமையானது. மருந்து தொடங்கும் முன் ஏஎல்டி, ஏஎஸ்டி, மொத்த பிலிருபின் மூன்றையும் பார்க்க வேண்டும். தொடங்கிய முதல் மாதம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் மறுபடி பார்க்க வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். அளவைக் கூட்டினாலும், கல்லீரலைப் பாதிக்கும் இன்னொரு மருந்து சேர்ந்தாலும், ஒரு மாதத்துக்குள் மீண்டும் பரிசோதனை. முதல் இரண்டு மாதங்களுக்குள்தான் பெரும்பாலும் நொதிகள் ஏறுகின்றன என்பதால் பரிசோதனைகள் தொடக்கத்தில் நெருக்கமாக இருக்கின்றன. சிலருக்கு, குறிப்பாக வால்புரோயேட் சாப்பிடுபவர்களுக்கு, ஓராண்டு கடந்தும் ஏறியிருக்கிறது. அதனால்தான் ஆறாம் மாதத்தோடு விட்டுவிடுவதில்லை.

எந்த எண்ணைக் கண்டால் மருந்தை நிறுத்துவது? நொதி மட்டும் சற்று ஏறினால் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். அப்படி ஏறியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கன்னாபிடியாலையோ வால்புரோயேட்டையோ குறைத்தபோது அல்லது நிறுத்தியபோது சரியானது. மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்து தொடரும்போதே தானாகத் தணிந்தது. ஆனால் நொதி மூன்று மடங்கைத் தாண்டி, பிலிருபினும் இரண்டு மடங்கைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது. இது ஹைமன் சிம்மர்மன் என்ற அமெரிக்கக் கல்லீரல் மருத்துவரின் அனுபவத்திலிருந்து வந்த விதி. நொதி ஏறுவது அணுக்களின் சேதத்தைச் சொல்கிறது. பிலிருபின் தேங்குவது, கல்லீரல் தன் வேலையையே செய்ய முடியாமல் தவிக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால் உயிராபத்தான பாதிப்புக்கு வாய்ப்பு உண்டு. பிலிருபின் ஏறாவிட்டாலும், நொதி ஐந்து மடங்குக்கு மேல் நீடித்தால் நிறுத்த வேண்டும்.

இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இந்த மருந்தை எப்படித் தொடங்குகிறார்கள் என்று பார்த்தால் இந்த எச்சரிக்கை முழுவதும் விளங்கும். நல்லெண்ணெயில் கரைத்த அந்தத் திரவத்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து. முதல் வாரம் காலையில் அரை மில்லி, இரவில் அரை மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து வாயில் விடுவார்கள். இரண்டாம் வாரம் வேளைக்கு ஒரு மில்லி. பலன் போதாமல், உடலும் தாங்கினால்தான் மெல்ல மெல்ல வேளைக்கு இரண்டு மில்லி வரை. சாப்பாடும் கணக்கில் உண்டு. கொழுப்பு மிகுந்த உணவோடு குடித்தால் இரத்தத்தில் அதன் உச்ச அளவு வெறும் வயிற்றில் குடிப்பதைவிடச் சுமார் ஐந்து மடங்கு ஏறுகிறது. ஒருநாள் வெறும் வயிற்றில், ஒருநாள் நெய்ச் சோற்றுக்குப் பின் என்று மாறிமாறிக் கொடுத்தால், சிரிஞ்சில் அளவு மாறாமலே உடலுக்குள் அளவு மாறும். எப்போதும் ஒரே விதமாகக் கொடுங்கள் என்று மருத்துவர் சொல்வது இதனால்தான்.

ஆய்வில் அகப்படாதவை

அமெரிக்க ஒப்புதலின்போது, டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ நோய்களுக்கான ஆய்வுகளில் கன்னாபிடியால் பெற்றவர்கள் மொத்தம் 689 பேர். இது போதுமா? புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு. ஒரு தீங்கு இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை என்றால், அந்த எண்ணிக்கையை மூன்றால் வகுத்துப் பாருங்கள். 689-ஐ மூன்றால் வகுத்தால் சுமார் 230. அதாவது 230 பேரில் ஒருவருக்கு வரக்கூடிய தீங்குகூட இந்த ஆய்வில் ஒருமுறையும் தலைகாட்டாமல் தப்பியிருக்க முடியும். ஆயிரத்தில் ஒருவருக்கு, பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருவதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒப்புதல் கிடைத்த நாளில் அந்தத் தேடல் தொடங்குகிறது.

அந்தத் தேடல் பலன் தந்திருக்கிறது. உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தின் அளவு கன்னாபிடியாலால் ஏறுவதைக் கவனித்து 2019-இல் வெளியிட்டார்கள். டியூபரஸ் ஸ்கிளீரோசிஸ் என்ற மரபு நோயில் பயன்படும் எவரோலிமஸ் மருந்தும் அப்படியே ஏறுகிறது. கன்னாபிடியாலுக்கு 2020-இல் அதே நோய்க்கு ஒப்புதல் கிடைத்ததால், இரண்டும் ஒரே பிள்ளைக்குப் போக வாய்ப்பு உண்டு. வால்புரோயேட்டுடன் சேரும்போது சிலருக்குத் தட்டணுக்கள் குறைவதும் தெரியவந்தது.

கல்லீரல் தீங்குக்கு வால்புரோயேட் மட்டும்தான் காரணமா என்ற கேள்வியும் தீர்க்கப்பட்டது. வேறெந்த மருந்தும் எடுக்காத 16 ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் கொடுத்தபோது ஏழு பேருக்கு ஏஎல்டி இயல்பைத் தாண்டியது. ஐந்து பேருக்கு ஐந்து மடங்கைத் தாண்டியது. 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் அளவு இன்னும் குறைவு: கிலோவுக்கு 5 மில்லிகிராம், 28 நாள். அதிலும் மருந்துக் குழுவில் எட்டுப் பேருக்கு நொதி மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. எதிர்க்குழுவில் யாருக்கும் ஏறவில்லை.

சீசாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா?

இந்தக் கணக்குகள் எல்லாம் உள்ளடக்கம் உறுதியான ஒரு மருந்துக்கே பொருந்தும். கன்னாபிடியாலின் சுருக்கப்பெயரில் 'சிபிடி எண்ணெய்' என்று இணையத்தில் விற்பவை வேறு கதை. 2017-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிய 84 பொருள்களைச் சோதித்தார்கள். லேபிளில் எழுதிய அளவுக்கு ஒத்திருந்தவை நூற்றுக்கு 31 மட்டும். 43-இல் கன்னாபிடியால் கூடுதலாக இருந்தது, 26-இல் குறைவாக. 84 பொருள்களில் 18-இல் டிஎச்சி இருந்தது. அடுத்த குளிர்காலத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சிபிடி என்று விற்கப்பட்ட பொருளை எடுத்த ஐம்பதுக்கும் மேற்பட்டோருக்கு நஞ்சேறியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அதில் இருந்தது ஆய்வகத்தில் செய்த செயற்கைப் போதைப்பொருள்.

வலிப்புக் குழந்தைக்கு இதன் பொருள் கடுமையானது. இந்த மாதச் சீசாவில் மருந்து கூடுதல், அடுத்த மாதச் சீசாவில் குறைவு என்றால், ஒரு மாதம் கல்லீரல் அடிபடும், மறு மாதம் வலிப்பு திரும்பும். ஏன் என்று மருத்துவரால் சொல்ல முடியாது. இயற்கையில் விளைந்தது என்பதால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கைக்கு மேலே சொன்ன இரத்தப் பரிசோதனைகளே மறுப்பு.

கண்காணிப்பவர்கள் யார்?

தாலிடோமைடு மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்தது 1961-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பிறகு பிரிட்டன் 1964-இல் மஞ்சள் அட்டை முறையைத் தொடங்கியது. பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தாலே எழுதி அனுப்பலாம், நிரூபிக்க வேண்டியதில்லை. இன்று பெற்றோரும் அனுப்பலாம். பல நாடுகளிலிருந்து வரும் இத்தகைய அறிக்கைகள் சுவீடனின் உப்சாலாவில் உள்ள உலக சுகாதார அமைப்பின் ஒத்துழைப்பு மையத்தில் சேர்கின்றன. ஐரோப்பாவில் கன்னாபிடியால் மருந்தின் தாளில் தலைகீழான கருப்பு முக்கோணம் ஒன்றை அச்சிட்டார்கள். புது மருந்து, கூடுதல் கவனம் தேவை என்பது அதன் பொருள். இந்தியாவில் 2010-இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் தேசிய மையம் காசியாபாத்தில் இருக்கிறது. நம் நாட்டு நோயாளிகளும் எந்த மருந்தைப் பற்றியும் அதற்குத் தெரிவிக்கலாம்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ நோய்களுக்கு இந்த மருந்தைத் தொடங்கியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வலிப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு முப்பதாவது குறையவில்லை என்றால் மருந்து நிறுத்தப்படும். பலன் தராத மருந்தின் சிறிய தீங்கையும் ஒரு பிள்ளை சுமக்கத் தேவையில்லை என்பது இதிலுள்ள நியாயம்.

இந்த அமைப்புகள் அனைத்துக்கும் ஆதாரம் வீட்டில் எழுதும் குறிப்பேடு. எத்தனை வலிப்பு, எத்தனை மணி நேரத் தூக்கம், எத்தனை முறை வயிற்றுப்போக்கு, சாப்பிட்டதா, எடை எவ்வளவு, என்றைக்கு எந்த மருந்தின் அளவு மாறியது. குளோபசத்தின் ரகசியத்தை வெளிக்கொண்டுவந்ததும் இப்படிப்பட்ட கவனிப்பே. "பிள்ளை ஒரு மாதிரியாக இருக்கிறான்" என்று தாய் சொல்வதை மருத்துவர் தள்ளிவிடாமல் தேதியோடு எழுதிக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் அறிக்கை அனுப்ப வேண்டும். அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்த பிறகே மருந்துச் சீட்டைக் கொடுக்க வேண்டும். இன்னொரு ஊரில் நாளை இதே மருந்தைத் தொடங்கப்போகும் குழந்தைக்கு எவ்வளவு கொடுக்கலாம், எதோடு சேர்க்கக் கூடாது என்பதை இன்று நாம் எழுதி அனுப்பும் கணக்குதான் தீர்மானிக்கிறது.